பிரஷ்ஷுக்குப் பட்டாபிஷேகம் எப்ப?

புள்ள எத்தன வயசுல தானாப் பல்லு வெளக்கும்னு கேக்குற மாப்ள. நல்ல கேள்விதான். ஆனா அதுக்குள்ள இன்னொரு கேள்வி பதுங்கிக் கெடக்கு: 'இந்தச் சோலியில இருந்து எனக்கு எப்ப விடுதலை?' அதத்தான கேக்க வந்த? மாமன்கிட்ட என்ன வெக்கம், ஒடச்சே கேளு.

ஒம் மகன் மூணு வயசுலயே பிரஷ்ஷப் புடுங்கிக்கிட்டு 'நானே, நானே'ங்கிறான். நீயும் அதப் போன்ல படம் புடிச்சு சொந்தக்காரக அம்புட்டுப் பேருக்கும் அனுப்பிட்ட. நானும் பாத்தேன். முன்னாடி ரெண்டு பல்ல மட்டும் தடவுறான், பெறகு பிரஷ்ஷக் கடிச்சுக்கிட்டுப் பேஸ்ட்ட உறிஞ்சுறான், கடைசியில போனப் பாத்து ஈன்னு இளிக்கிறான். வெளக்குன நேரத்த விட இளிச்ச நேரம் கூட. வம்சம் அப்படி. ஒங்கப்பன், அதான் எங்க மச்சான், பொண்ணு பாக்க வந்தன்னைக்கு அதேதான் செஞ்சாரு. எங்க தங்கச்சியும் அதப் பாத்துத்தான் ஏமாந்துச்சு.

சரி, ஒனக்குச் சாதகமாவே தீர்ப்புச் சொல்றேன். விட்டுரு. ஐகோர்ட்டுக்குப் பக்கத்து ஊர்ல குடியிருக்கோம், தீர்ப்புல ஓரவஞ்சனை இருக்கப்படாதுல்ல. பால்பல்லுதான, விழுகப் போறதுதான, அதுக்கெதுக்கு இம்புட்டுப் பண்டுவம்? விழுந்தாச் சாணியில உருட்டிக் கூரை மேல எறியப் போறோம். இப்பக் கூரை ஏது, மொட்டை மாடிதான். எறிஞ்ச பயலே மேல ஏறிப் போய்த் தேடி எடுத்துக்கிட்டு வந்துருவான், அது வேற கத.

என்ன ஒண்ணு, அந்தப் பால்பல்லு மொத்தம் 20. ஆறு மாசத்துல மொதப் பல்லு எட்டிப் பாக்கும், மூணு வயசுக்குள்ள 20-ம் வந்து சேந்துரும். முன்பல்லு ஆறு ஏழு வயசுல ஆடும், அது நெசம். ஆனா பின்னாடி இருக்குற பால் கடவாய்ப்பல்லு பத்து, பன்னெண்டு வயசு வரைக்கும் வேல பாக்கணும். நாலு வயசுல அதச் சொத்தையாக்கிட்டா மிச்ச வருசத்துக்கு எத வச்சுக் கறி கடிப்பான்? ஒன் நாக்கையா கடிப்பான்? அதுபோக, பின்னால வரப் போற பெரிய பல்லுக்கு எடம் புடிச்சு வச்சிருக்குறதும் அந்தப் பால்பல்லுதான். மேலூர் பஸ்ல சன்னல் வழியாத் துண்டப் போட்டு எடம் புடிப்போம்ல, அந்தத் துண்டு மாதிரி. துண்ட உருவிட்டா பக்கத்துல நிக்கிறவன் சரிஞ்சு உக்காந்துருவான். பெறகு எடத்துக்கு உரிமைக்காரன் வந்து கோணமாணையா நிக்க வேண்டியதுதான். அப்பக் கம்பி கட்டப் பணம் எண்ணி வைக்கிறது நீதான், மாமன் இல்ல.

பால்பல்லு மேல இருக்குற எனாமலு பெரிய பல்லுல இருக்குறதுல ஏறக்குறையப் பாதிக் கனந்தான். ஓட்டை விழுந்தா நரம்பத் தொட நாளாகாது. வலி வர்றதும் பகல்ல வராது, ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வரும். அந்நேரம் புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு ஒத்தக்கடை வீதியில நடந்து பாரு. யானமலை நல்லாத் தெரியும்.

யானமலைன்னதும் ஞாபகம் வருது. சமணர் ஏவி விட்ட யானையச் சொக்கநாதர் நரசிங்க அம்பு விட்டுக் கல்லாக்கிப் போட்டதாக் கத சொல்லுவாக. கல்லு யானைக்குப் பல்லுக் கவல இல்ல. உசுருள்ள யானைக்கு ஆயுசுல ஆறு தவண கடவாய்ப்பல்லு வரும் மாப்ள. பழசு தேயத் தேயப் பின்னால இருந்து புதுசு முன்னுக்கு நகந்து வரும். ஆறாவதும் தேஞ்சு போச்சுன்னா மெல்ல முடியாமப் பட்டினிதான். அம்மாம் பெரிய உருப்படிக்கே ஆறுதான்னு கணக்கு இருக்கு. மனுசனுக்கு ரெண்டே தவண. மொதத் தவணைய 'விழுகப் போறதுதான'ன்னு நீ தள்ளுபடி பண்ணிட்ட. ரெண்டாவது எப்ப ஆரம்பிக்குது, சொல்லு பாப்போம்?

முழிக்காத. ஆறு வயசுல. அங்கதான் இருக்கு கூத்து. ஆடி விழுந்த பல்லுக்கு மாத்தாத்தான் பெரிய பல்லு வரும்னு நீ நெனச்சுக்கிட்டு இருக்க. ஆனா மொதப் பெரிய கடவாய்ப்பல்லு எந்தப் பல்லையும் தள்ளாது, ரத்தம் காட்டாது, சாணி உருண்டை கேக்காது. கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால, கன்னத்துக்குள்ள, சத்தமில்லாம வந்து நிக்கும். மேல ரெண்டு, கீழ ரெண்டு. பெத்தவுக பத்துல எட்டுப் பேரு அதையும் பால்பல்லுன்னே நெனச்சுக்குவாக. பத்துல எட்டுங்கிறது என் கணக்கு, சர்க்காரு கணக்கு இல்ல. அந்தப் பல்லுலதான் பள்ளமும் மேடும் சாஸ்தி. மொளைக்கிறப்பப் பக்கத்துப் பல்ல விடத் தாழ்வா வேற நிக்கும். புள்ள நீளவாக்குல பிரஷ்ஷ ஓட்டுனா அது அந்தப் பல்லுக்கு மேலயே பறந்துரும், தொடாது. அறுபது எழுபது வயசு வரைக்கும் எலும்பு கடிக்க வேண்டிய பல்லு, வந்த ரெண்டு வருசத்துலயே சொத்தையாகிப் போறது இப்படித்தான்.

அதே ஆறு வயசுலதான் நீ என்ன செய்வ? 'ஒண்ணாப்பு வந்துட்டான், பெரிய பையனாயிட்டான், இனி அவனே பாத்துக்குவான்'னு பிரஷ்ஷுக்குப் பட்டாபிஷேகம் பண்ணி வைப்ப. நேரங்காலம் பாத்துத்தான் கைய விடுறீகப்பா!

பல்லு டாக்டர்க ஊருக்கு ஊரு என்னென்னமோ சொன்னாலும் இதுல ஏறக்குறைய ஒரே பேச்சுதான்: ஏழு, எட்டு வயசு வரைக்கும் பெரியவுக கை வேணும். இங்கிலாந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்காரகளும் கொறஞ்சது ஏழு வயசு வரைக்கும்னுதான் சொல்லி வச்சிருக்காக. பய புத்திசாலியா இல்லையாங்கிறது இதுல பேச்சே இல்ல. ஒம் மகனுக்கு மூணு வயசுலயே ஒன் போன் பூட்டைத் தெறக்கத் தெரியும். ஆனா மணிக்கட்டு இன்னும் பழகல. பிரஷ்ஷச் சாச்சு, ஈறு ஓரத்துல வச்சு, பைய உருட்டி, உள்பக்கம் திருப்பி எடுக்குறதுக்கு மணிக்கட்டு சொன்ன பேச்சுக் கேக்கணும்.

ஷூ லேஸ் கட்டத் தெரியுதான்னு பாரு, தெரிஞ்சாப் பிரஷ்ஷக் குடுன்னு சீமையில சொல்லுவாக. இங்க எந்தப் பயலுக்கு லேஸ் கட்டுன ஷூ? எல்லாம் ஒட்டுற ஷூ. ஒண்ணு செய்யி. சட்டைப் பித்தான மேல இருந்து கீழ வரைக்கும் ஒண்ணுவிட்டு ஒண்ணு மாறாமப் போடுறானா? நாலு கோடு நோட்டுல எழுத்து கோட்டத் தாண்டாம நிக்குதா? பொம்பளப் புள்ளைன்னா ரெட்டச் சடைக்கு ரிப்பன் தானாக் கட்டுதா? இதெல்லாம் வந்தாச்சுன்னா கை பழகிருச்சு. ஆறரையிலயும் வரும், ஒம்பதுலயும் வரும். வயச மட்டும் பாத்துப் பட்டம் குடுக்காத.

இடையில ஒங்க அப்பத்தா வந்து 'நாங்கள்லாம் வேப்பங்குச்சியிலதான் வெளக்குனோம், என்ன கொறஞ்சு போச்சு'ன்னு ஆரம்பிக்கும். வேப்பங்குச்சி நல்லதுதான், நானும் ஒத்துக்கிறேன். ஆனா குச்சிய நுனியில மென்னு நாராக்கவே தெம்பான தாடை வேணும். மூணு வயசுப் பய அதக் கையில வச்சுக்கிட்டு ஆட்டத்தான் வெரட்டுவான். செங்கப்பொடி, உமிக்கரியெல்லாம் அழுக்கோட சேத்து எனாமலையும் அரம் போட்டு எடுத்துரும். அப்பத்தா வாயத் தெறந்து காட்டச் சொல்லு, பேச்சு நின்னுரும். கெழவிகளுக்குப் பொகையிலப் பொடி போட்டு வெளக்குற பழக்கமும் இருந்துச்சு. பல்பொடி, பேஸ்ட்டுல பொகையிலையக் கலக்கக் கூடாதுன்னு 1992-ல இந்திய அரசாங்கமே தடை போட்டுருச்சு. இத அப்பத்தாகிட்ட நீயே சொல்லிக்க. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் உசுரோட இருக்கணும்.

தானா வெளக்க விட்டா என்ன நடக்கும்னு தமிழ்நாடு பூராவும் ஒருதரம் பாத்தாச்சு மாப்ள. 1982 ஜூலையில எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தக் கொண்டாந்தாரு. அவரு ஆட்சியிலதான் பள்ளிக்கூடப் புள்ளைகளுக்கு இலவசமாப் பல்பொடியும் குடுத்தாக. நெனப்பு பெரிய நெனப்பு. ஏழை பாழைக வீட்டுப் புள்ளையும் பல்லு வெளக்கணும்னு ஒரு அரசாங்கம் நெனச்சுச்சே, அத நான் எந்நாளும் கேலி பண்ண மாட்டேன். ஆனா ஒங்கப்பன் அந்தப் பொடிய என்ன செஞ்சாருன்னு நீயே கேளு. உள்ளங்கையில கொட்டி, நக்கி, ருசி பாத்து, மிச்சம் இருந்தாத்தான் பல்லுக்கு. நம்ம மதுரைக் கோபால் பல்பொடிக்கும் அதே கதிதான். இலங்கை வானொலியில விளம்பரம் கேட்டுக் கேட்டு வாங்குன அந்த ரோஸ் பொடிய வீட்டுல ஒளிச்சு வச்சாக, எறும்புக்குப் பயந்து இல்ல, புள்ளைகளுக்குப் பயந்து.

இன்னைக்குப் பொடி போயி ஸ்ட்ராபெரி வாசத்துல பேஸ்ட் வந்துருச்சு. பய திங்காம என்ன செய்வான்? ஃபுளோரைடு கலந்த பேஸ்ட்டுதான் சொத்தையத் தடுக்கும், அதுல மாத்தம் இல்ல. ஆனா பெரிய பல்லெல்லாம் ஈறுக்குள்ள உருவாகிக்கிட்டு இருக்குற வயசுல அத நெதமும் முழுங்குனாப் பின்னால மொளைக்கிற பல்லுல வெள்ளத் திட்டு, பழுப்புக் கோடு விழும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தண்ணியிலயே ஃபுளோரைடு கூடிப் போயி ஊரு ஊராப் பல்லு கறை பட்டுக் கெடந்துச்சு. அதுக்காகவே ஒகேனக்கல்ல இருந்து காவிரித் தண்ணியக் கொண்டு போக வேண்டியதாச்சு. அதுனால மூணு வயசு வரைக்கும் ஒரு அரிசி அளவு, மூணுல இருந்து ஆறு வரைக்கும் ஒரு பட்டாணி அளவு. டி.வி.யில பிரஷ்ஷு நீளத்துக்கும் பிதுக்கிக் காட்டுவான். டியூப்பு வெரசாத் தீரணும்னு அவனுக்கு அவசரம், ஒனக்கென்ன? டியூப்ப எட்டாத எடத்துல வையி, பிதுக்குறது ஒன் கையா இருக்கட்டும்.

அதுக்காகப் பய கையில இருந்து பிரஷ்ஷப் புடுங்கிறாத. 'நானே'ங்கிறவன மொதல்ல வெளக்க விடு. ஆசைய ஏன் கெடுக்கணும்? அவன் தொட்ட ரெண்டு பல்லையும் மெச்சிப் பேசு. பெறகு 'அய்யா மிச்சத்தப் பாக்குறேன்'னு வாங்கிக்க. அவனுக்குப் பின்னால நின்னு, தலைய ஒன் வயித்துல சாச்சுக்க. அந்த வயிறு எதுக்குத்தான் வளந்து கெடக்கு, ஒரு நாளாவது ஒதவட்டும். சின்னத் தலை வச்ச பிரஷ்ஷு, மெத்துன்னு நாரு, ரெண்டு நிமிசம். மேல உள்பக்கம், கீழ உள்பக்கம்னு ஒரு வரிசை வச்சுக்கிட்டாத் தப்பாது. ஆறு வயசுப் பல்லு மொளச்ச பெறகு, வாய ஆன்னு பெருசாத் தெறக்கச் சொல்லாத, கன்னம் இறுகிரும். பாதி மூட வச்சு, கன்னத்தோரமா பிரஷ்ஷக் குறுக்க விட்டு அந்தப் பல்ல மட்டும் தனியாத் தேயி. முடிஞ்சதும் துப்புனாப் போதும். செம்புத் தண்ணிய ஊத்திக் கொப்புளிக்க வச்சன்னா மருந்தும் சேந்துல்ல சாக்கடைக்குப் போகுது.

காலையில வெளக்குறத ஊரே செய்யும். சொத்தை வேல பாக்குறது ராத்திரியில. தூங்குறப்ப எச்சி சுரக்குறது கொறஞ்சு போகும், பல்லக் கழுவ ஆளிருக்காது. ஒட்டிக்கிட்டு இருக்குற தேன்மிட்டாயும் பிஸ்கோத்தும் விடிய விடியக் கிருமிக்கு விருந்து. அழுகைய நிறுத்துறதுக்குப் பால் புட்டிய வாயில வச்சுத் தூங்க வைக்கிறீகளே, அது பந்தியில உக்கார வச்சுப் பரிமாறுற கணக்கு. ஒரு வேளதான் முடியும்னா ராத்திரி வேளைய எடுத்துக்க, காலையில அவன் ஆடுற ஆட்டத்த ஆடட்டும்.

'மாமா, வேல முடிஞ்சு வந்தா அலுப்பு'ங்கிற. தெரியும். எங்க மருமக அடுப்படி, துணிமணி, வீட்டுப்பாடம்னு பம்பரமாச் சுத்துறப்ப நீ திண்ணையில சாஞ்சு பெருவெரலால போனத் தேச்சுக்கிட்டு இருக்குற அலுப்ப நான் தெனமும் பாக்குறேன். அதே வெரலுதான், ரெண்டே நிமிசம்.

எட்டு வயசுல கையக் குடுத்த பெறகும் கொஞ்ச நாளைக்கு வாசப்படியில நில்லு. வாரத்துக்கு ஒருதரம் ஈறு ஓரத்துல நகத்த வச்சுச் சொரண்டிப் பாரு. வெள்ளையா மாவு மாதிரி வந்தா அவன் தண்ணியத் திறந்து விட்டுட்டுச் சத்தம் மட்டும் குடுத்திருக்கான்னு அர்த்தம். பிரஷ்ஷ நனைச்சு வச்சிட்டு 'வெளக்கிட்டேன்'ங்கிறது ஒங்க வம்சத்துக்குப் புதுசா என்ன? ஒங்கப்பன் கல்யாணத்தன்னைக்கே செஞ்சாரு.

பெறகு பன்னெண்டு, பதிமூணு ஆகும். மீசை அரும்பும். காலையில ஒண்ணு, ட்யூஷனுக்குக் கெளம்புறப்ப ஒண்ணுன்னு அவனே வெளக்குவான், கண்ணாடிய விட்டு நகர மாட்டான். நீ ஆபீசுக்கு நேரமாச்சுன்னு துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு வெளிய நின்னு கதவத் தட்டுவ. தட்டிக்கிட்டே இருப்ப.