அடிபட்ட பந்து

போர்ட் பிளேரில் வசிக்கும், ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தரான என் நண்பர், ஹிக்கரி மரக்காம்பு பொருத்திய பழங்காலத்துக் கோல்ஃப் மட்டைகள் சிலவற்றை எங்கிருந்தோ வரவழைத்து, கார்பின்ஸ் கோவ் மணலில் பரீட்சித்து வருகிறார். எஃகுக் காம்புக்கு, கோல்ஃப் விதிகளை வகுக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பெரியவர்கள் 1929-இல்தான் அனுமதி அளித்தார்கள் என்றும், அதுவரை மரத்தின் முறுக்கை அனுசரித்தே ஆடுபவன் கையை நிதானப்படுத்த வேண்டியிருந்தது என்றும் அவர் உபந்நியாசம் செய்கையில், பந்து என்னவோ கடலை நோக்கியே பிரயாணமாகிறது.

எனக்கு மட்டையைவிடப் பந்தின் சரித்திரமே ரசமாகப் படுகிறது. 1848 வாக்கில், மலேயாக் காட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சாவால் பந்து செய்தார்கள். மழமழவென்றிருந்த அது ஒழுங்காகப் பறக்க மறுத்து, அடிபட்டு வடுப்பட்ட பின்னரே நேராகப் போனதைக் கண்டு, விற்குமுன்பே சுத்தியலால் கொத்தித் தழும்பேற்றும் வழக்கம் பிறந்தது. 1858-இல் இந்த அந்தமான் தீவுகளில் கைதிக் குடியிருப்பை ஸ்தாபித்த பிரிட்டிஷ் சாம்ராஜ்யம், ராஸ் தீவில் துரைமார்களுக்கு டென்னிஸ் களமும் நீச்சல் குளமும் ரொட்டிக் கிடங்கும் அமைத்துவிட்டு, 1906-இல் எதிர்க்கரையில் செல்லுலார் சிறையையும் கட்டி முடித்து, அடித்தால் நேராகும் என்ற இச்சித்தாந்தத்தை மனிதர்மீதும் பிரயோகித்துப் பார்த்தது. மனிதரோ, எவ்வளவு அடித்தும், குறித்த குழியில் விழவில்லை.

ஒருவர் 14 மட்டைகளுக்குமேல் கொண்டுபோகலாகாது என்ற விதியை ஆண்ட்ரூஸ் பெரியவர்கள் 1939-இல்தான் இயற்றினார்கள். சுமப்பவன் வேறொருவனாகையால் அதுவரை பாரம் தெரியவில்லை போலும். நண்பருடையவற்றை அவர் மாப்பிள்ளை சுமக்கிறார்.