பேயும் கூரைச் செலவும்

பேய் குடியிருக்க வேண்டுமென்றால் ஊருக்குச் சில தகுதிகள் வேண்டும். தஞ்சோங் மாலிமுக்கு அவை தாராளமாகவே உண்டு. பெர்ணாம் ஆற்றுக்கு இந்தக் கரை பேராக், அந்தக் கரை சிலாங்கூர். பாலத்தின் நடுவில் ஒரு பேய் நின்றால் அது எந்த மாநிலத்துக் கணக்கில் சேரும் என்று முடிவு செய்யவே ஒரு கமிட்டி போட வேண்டியிருக்கும். ஊருக்குள் 1922-ல் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. இன்று அது பல்கலைக்கழகம். நூறு வயது தாண்டிய கட்டடத்தில் பேய் இல்லையென்றால் அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் அவமானம். வடக்கே போனால் சிலிம் ரிவர். 1942 ஜனவரி 7 விடிவதற்குள் ஜப்பானிய டாங்கிகள் அந்தச் சாலையில் புகுந்து 11-வது இந்திய டிவிஷனைச் சிதறடித்தன. இன்றைக்கும் அந்தப் பக்கம் ராத்திரி லாரி ஓட்டுகிறவர்கள் தாங்கள் பார்த்த சிப்பாய்களைப் பற்றி ஒட்டுக்கடையில் சொல்வார்கள். எந்தப் படைப்பிரிவு என்று கேட்டால் மட்டும் தே தாரேக்கை ஆற்றத் தொடங்கிவிடுவார்கள்.

1952 கதை இன்னும் பெரிது. அந்த மார்ச்சில் தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்க்கப் போனவர்களைக் கம்யூனிஸ்டுகள் வழிமறித்து 12 பேரைக் கொன்றார்கள். கோபத்தோடு வந்து இறங்கிய பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஜெனரல் டெம்ப்ளர் ஊருக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டார். அரிசிப் பங்கையும் குறைத்தார். அந்த நாட்களில் மட்டும் ஊரில் பேய் நடமாட்டமே இல்லை என்று என் பாட்டி சொல்வார். சிறுவயதில் இதைக் கேட்டு, பேய்கூட டெம்ப்ளருக்குப் பயந்தது என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் விளங்கியது: ராத்திரி வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல ஆளில்லை. சாட்சி இல்லாத ஊரில் பேய் என்ன செய்யும், பாவம்!

எங்கள் தாமானில் மூன்று இனத்துக்கும் பேய் உண்டு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கம்போஜாப் பூ வாசம் வந்தால் பொந்தியானாக் என்று ஜன்னலை மூடுவார். எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் ஏழாம் மாதம் பிறந்ததும் தெருவோரம் ஊதுபத்தி ஏற்றி, பசியோடு வரும் ஆவிகளுக்கு ஆரஞ்சுப் பழம் வைப்பார். நம்மவர்களுக்கு முனி, மோகினி, காத்து கருப்பு. தேசிய ஒருமைப்பாட்டைத் தேடுகிறவர்கள் எங்கள் தெருவுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வரலாம். எல்லார் வீட்டு விளக்கும் எரிந்துகொண்டிருக்கும்.

இதில் நான் மட்டும் பகுத்தறிவுவாதி. பரம்பரைச் சொத்து அது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்தபோது ஈப்போவில் அவர் பேச்சைக் கேட்டதாகத் தாத்தா சொல்லிக்கொள்வார். அதே தாத்தா தோட்டத்து எல்லையில் முனியாண்டி கோயிலைத் தாண்டும்போது தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். கேட்டால், "பெரியார் ஈப்போவுல இருக்காரு, முனி இங்க இருக்காருடா" என்பார். பெரியார் ஊருக்குத் திரும்பி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஆனால் தோட்டத்துப் பிள்ளையாக வளர்ந்ததால் பேயின் தொழில்நுட்பம் எனக்கு உள்ளிருந்தே தெரியும். பால்வெட்டுக்கு இருட்டோடு போவார்கள். இரவின் குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும். பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு என் அம்மா நிரையில் மரம் மரமாக நகர்வார். பெரிய சாலையில் போகும் வெளியூர் லாரிக்காரர்களுக்கு இருட்டுக் காட்டில் ஒரு வெளிச்சம் மட்டும் நிற்பதும் குனிவதும் நகர்வதும் தெரியும். கொள்ளிவாய்ப் பிசாசு என்று கும்பிட்டுவிட்டுப் போவார்களாம். இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் பால் வாளியைக்கூடக் கீழே வைக்காமல், "கும்புட்டவன் உண்டியல்ல அஞ்சு காசு போட்டுட்டுப் போறதுக்கென்ன?" என்றார்.

லயத்துத் தகரக் கூரையில் கல் விழுவதும் அப்படித்தான். ரப்பர்க் காய் காய்ந்தால் பட்டென்று வெடித்துக் கொட்டையைத் தூரத்துக்கு வீசும். ஒரு காற்றுக் காலத்தில் நாலு கொட்டை தகரத்தில் விழுந்தால் போதும், மறுநாள் பெரட்டில் கிராணி முதல் மண்டோர் வரை அதுதான் பேச்சு. பிற்பாடு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். எலி பெருகியது. எலி பிடிக்கக் கூகைகளுக்குக் கம்பத்தின் மேல் பெட்டி கட்டிக் கொடுத்தார்கள். வெள்ளை முகம், சத்தமில்லாத சிறகு, தொண்டையைக் கிழிக்கும் அலறல்: மோகினி வேலைக்கு மனுப்போட்டால் நேர்முகத் தேர்வே தேவைப்படாத பறவை. சம்பளம் இல்லாமல் எலியும் பிடித்து, தோட்டத்துப் பையன்களை மாலை ஏழு மணிக்குள் வீட்டுக்கும் அனுப்பிவைத்தது.

ஆபிரகாம் கோவூரின் புத்தகம் என் அலமாரியில் முன்வரிசையில் இருக்கிறது, விருந்தாளிகளுக்குத் தெரியும்படி. 1898-ல் கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் தாவரவியல் கற்பித்தவர். 1963-ல், அமானுஷ்ய சக்தியை மோசடிக்கு இடமில்லாத சோதனையில் நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்தார். 1978-ல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. கல்லெறியும் பேய் வீடுகள் பலவற்றில் எறிந்த கை அந்த வீட்டு ஆளுடையதுதான் என்று கண்டுபிடித்தார். இதை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதில் ஒரு அபாயம் உண்டு: எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் மனைவி முதலில் என்னைத்தான் பார்க்கிறாள்.

போன வருஷம் என்னையே பேய் அமுக்கியது. மதியம் பலாப்பழம், இரவு நாசி லெமாக், அதன்மேல் மல்லாந்து தூக்கம். நடுராத்திரி விழிப்பு வந்தது. கண் திறந்திருக்கிறது, கைகால் அசையவில்லை, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், அலமாரிப் பக்கம் ஒரு கறுப்பு நிழல். இது என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும். கனவுத் தூக்கத்தில் மூளை உடம்பின் தசைகளை முடக்கி வைக்கிறது. இல்லையென்றால் கனவில் பேருந்துக்கு ஓடுகிறவன் மெய்யாகவே எழுந்து சுவரில் போய் மோதுவான். சில சமயம் மனம் முன்னால் விழித்துக்கொள்ளும், உடம்பின் பூட்டு இன்னும் திறந்திருக்காது. கனவின் மிச்சம் அறைக்குள்ளேயே நிற்கும். 1781-ல் ஹென்றி ஃபியூசேலி தூங்கும் பெண்ணின் மேல் ஒரு குட்டிப் பிசாசை உட்காரவைத்து வரைந்த ஓவியம் இதே சங்கதியைத்தான் காட்டுகிறது. இவ்வளவையும் அந்த நிழலுக்கு நான் விளக்கமாக எடுத்துச் சொன்னேன். நாக்கும் பூட்டுக்குள் இருந்ததால் வெளியே வந்தது வேறு சத்தம்.

"என்னாங்க, மாடு கத்துற மாதிரி கத்துறீங்க?" என்று மனைவி உலுக்கியதும் பூட்டு திறந்தது. காலையில் இட்லிக்கு முன்னால் முழு விளக்கவுரையும் ஆற்றினேன். கேட்டு முடித்துவிட்டு, "மல்லாந்து படுக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுங்க" என்றாள். டாக்டர்களும் அதையேதான் சொல்கிறார்கள். அவளிடம் பகுத்தறிவு என்று ஒரு புத்தகம்கூட இல்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் வாசலில் எலுமிச்சம்பழம் வெட்டி வைக்கிறவள்.

அதற்கப்புறம்தான் மேலே நடை ஆரம்பித்தது. ராத்திரி இரண்டு மணி இருக்கும். படுக்கையறைச் சீலிங்கில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, அவசரமில்லாத, ஓய்வுபெற்ற ஆசாமியின் நடை. நடுவில் ஒரு நிறுத்தம். அப்புறம் எதையோ உருட்டும் சத்தம்.

உடனே விளக்கம் சொன்னேன். பகல் சூட்டில் விரிந்த கூரைச் சட்டம் ராத்திரிக் குளிரில் சுருங்கும்போது டப் டப் என்று சத்தம் கேட்கும் என்றேன். "சுருங்குறது திரும்பி நடந்து வருமா?" என்றாள். அடுத்து விக் டேண்டியைக் கொண்டுவந்தேன். இங்கிலாந்துப் பொறியாளர். அவர் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் பேய் என்று பேச்சு. அவருக்கே வியர்த்து, ஓரக்கண்ணில் சாம்பல் உருவம் தெரிந்தது. மறுநாள் தன் வாள்சண்டைக் கத்தியைப் பிடிப்புக்கருவியில் மாட்டினார்; கத்தி தானாக அதிர்ந்தது. புதிதாகப் போட்ட ஒரு காற்றாடி, காதுக்குக் கேட்காத ஏறக்குறைய 19 ஹெர்ட்ஸ் அதிர்வைக் கிளப்பிக்கொண்டிருந்ததாம். அதை நிறுத்தியதும் பேயும் நின்றது. 1998-ல் கட்டுரையாகவே எழுதினார். ஆகவே நானும் அறிவியல் முறைப்படி எங்கள் காற்றாடியை நிறுத்தினேன். மேலே நடை நிற்கவில்லை. கீழே குடும்பம் வியர்த்துப்போய் எழுந்து உட்கார்ந்து, நால்வரும் நடையைத் தெளிவாகக் கேட்டோம். அதுவரை காற்றாடிச் சத்தத்தில் பாதிதான் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த வாரமே சீலிங்கில் ஒரு பழுப்புக் கறை வந்தது. மைத்துனி பார்த்துவிட்டுத் தலைவிரி கோலமாக ஒரு பெண் என்றாள். மாமியாருக்கு அது சமயபுரத்தாள். புள்ளிகளையும் கறைகளையும் முகமாகக் கோத்துக்கொள்வது மனித மூளையின் பழக்கம் என்று ஆரம்பித்தேன். 1976-ல் வைக்கிங் விண்கலம் செவ்வாய்க் கிரகத்தில் எடுத்த படத்தில் ஒரு மனித முகம் தெரிந்து உலகமே பேசியது. 2001-ல் இன்னும் கூர்மையான படம் எடுத்தபோது அது வெறும் குன்று. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு அந்தக் கறை, நான் பணம் திருப்பித் தர வேண்டிய மூத்த மச்சானைப் போலவே இருந்தது. அன்று முதல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறேன்.

ஒரு ராத்திரி வாசனை வந்தது. இனிப்பாக, இலை வாசனை. வாசனையோடு வருவது யார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னது நினைவுக்கு வந்து, பகுத்தறிவுவாதியான நான் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டேன். மனைவி எழுந்து உட்கார்ந்து இரண்டு முறை மோந்து பார்த்தாள்.

"பாண்டான் வாசம்."

"பேசாம படு."

"பேய் மேல எதுக்கு நாசி லெமாக் வாசம் வருது? இது மூசாங்."

மூசாங் என்றால் மரநாய். மலேசியக் கூரைகளில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் ஆதிகாலத்துக் குடித்தனக்காரர். பகலில் தூங்கும், ராத்திரி நடக்கும், பழம் உருட்டும், அதன் உடம்பிலிருந்து பாண்டான் இலை வாசம் வரும். கறை எப்படி வந்தது என்பதை விளக்க வேண்டாம். மறுநாள் மனைவி கார் நிறுத்தும் இடத்தில் கிடந்த எச்சத்தைக் குச்சியால் கிளறி எங்கள் பப்பாளி மரத்து விதைகளை அடையாளம் காட்டினாள். இதே பிராணி காப்பிப் பழம் தின்று போட்டால் அதைக் கழுவி வறுத்து உலகத்திலேயே விலை உயர்ந்த காப்பி என்று விற்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது பப்பாளி தின்கிற ரகம்.

கூரை வேலை செய்யும் தம்பி ஒருவரை அழைத்துக் காட்டினோம். நகர்ந்த ஓடுகளைச் சரிசெய்ய, ஓட்டையெல்லாம் கம்பிவலை அடிக்க, சீலிங் பலகை மாற்ற: 2,800 வெள்ளி.

அந்த நிமிஷத்திலிருந்து பேயைப் பற்றிய என் கருத்து மாறத் தொடங்கியது. அறிவியல் எல்லாவற்றையும் விளக்கிவிட முடியுமா என்று சாப்பாட்டு மேசையில் கேட்டேன். ஒரு மரநாய் இவ்வளவு நிதானமாக நடக்குமா என்றேன். பத்துகாஜாவில் கெல்லி கோட்டை இல்லையா? கெல்லி ஸ்மித் 1926-ல் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்துபோக, பாதியில் நின்ற மாளிகை. கட்ட வந்த நம்மவர்களைக் கொள்ளைக்காய்ச்சல் கொண்டுபோக, அவர்களுக்காக மாரியம்மன் கோயிலே எழுப்ப வேண்டியிருந்தது. இன்று அங்கே பேய் இருக்கிறது என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர் மட்டும் கூரையைச் சரியாக முடித்திருந்தால் யார் எட்டிப் பார்த்திருப்பார்கள்? சொல்லப்போனால் பேய் என்பது ஒரு வருமானம். கோயில் பூசாரியை அழைத்து மந்திரித்தால் தட்சிணை 51 வெள்ளியோடு முடிந்துவிடும். உணர்வுகளையும் மதித்ததாக இருக்கும். பெரியாரைத் தாத்தாவும் இப்படித்தான் அனுசரித்தார்.

மனைவி தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "சாமி வேற, மூசாங் வேற. தம்பிக்கு போன் போடுங்க."

தம்பி சனிக்கிழமை காலை ஏணியோடு வந்தார். தேக்குத் தோள், கையில் மின்துளைப்பான், சீலிங்கின் நாலு மூலையையும் தட்டிப் பார்த்துக் கணக்குச் சொல்லும் நவீனப் பிள்ளை. ஏணியில் இரண்டு படி ஏறியவர் கறையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். இறங்கி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அங்கிள், மூசாங்தான், சந்தேகமே இல்ல. ஆனா மூடிக் கெடந்த எடத்தத் தொறக்கறோம். ஒரு பூசை போடாம நான் கை வைக்க மாட்டேன். பழம், கற்பூரம், சாமி தட்சிணை எல்லாம் சேத்து அது தனியா அம்பத்தொன்னு."

ஆக மொத்தம் 2,851. நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன்.

"அதுக்கும் சேத்து ரசீது குடுப்பாங்களான்னு கேளுங்க" என்றாள் மனைவி.