மலைவண்டியைச் சமவெளியில் செய்வோர் சமூகத்துக்கு ஒரு மனு

அனுப்புநர்:
1998-ஆம் ஆண்டு மாடல் மலை ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் வண்டி),
பின்வாசல் தகரக் கொட்டகை,
குக் சிட்டி, மொன்டானா மாநிலம்.

பெறுநர்:
உயர்திரு விளம்பரப் பிரிவுத் தலைவர்கள்,
மலை ஸ்னோமொபைல் தயாரிப்பு நிறுவனங்கள்,
வால்கோர்ட், ரோசோ, தீஃப் ரிவர் ஃபால்ஸ்.

பொருள்: புதிய வண்டிகளின் ஓட்டமும் நம்பகமும் – கையேட்டில் விடுபட்ட பக்கங்களைச் சேர்க்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: ஒவ்வொரு வசந்தத்திலும் வெளியாகும் தங்கள் வண்ணக் கையேடு, குறிப்பாக, “முன்னெப்போதும் இல்லாத” என்ற சொல் வரும் பக்கங்கள், அதாவது எல்லாப் பக்கங்களும்.

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

மனுதாரர் 700 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சினும், கார்புரேட்டர்களும், பனியைத் தள்ளிச் சுழலும் 136 அங்குல ரப்பர் ட்ராக்கும் உடையவர். எந்த நிறுவனத்தில் பிறந்தவர் என்பதைச் சொன்னால் மற்ற நிறுவனத்தார் இந்த மனுவை இரண்டாம் பத்தியைத் தாண்டிப் படிக்க மாட்டார்கள் என்பதால் அது இங்கே மறைக்கப்படுகிறது. வசிப்பிடம் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வடகிழக்கு வாயிலுக்கு வெளியே, சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் குக் சிட்டி. குளிர்காலத்தில் இவ்வூரின் கிழக்குச் சாலையில் பனி அகற்றப்படுவதில்லை. காரில் வருகிறவர் பூங்காவைக் கடந்துதான் வர வேண்டும். ஊருக்கு அப்பால் போகிறவர் மனுதாரரைப் போன்ற ஒருவர்மேல் ஏறித்தான் போக வேண்டும்.

முதலில் பாராட்டு. மலையே இல்லாத இடத்தில் உட்கார்ந்து மலைவண்டி செய்வது எளிதல்ல. ரோசோவும் தீஃப் ரிவர் ஃபால்ஸும் இருப்பது வடமேற்கு மினசோட்டாவில், அகாசி என்ற பனியுகத்து ஏரி வற்றிப்போன படுகையில். அங்கே உயரமான பொருள் என்று சொன்னால் தானியக் கிடங்குதான். ஆயினும் 1950-களின் நடுவில் ரோசோவில் போலாரிஸ்காரர்கள் தொடங்கி வைத்ததும், 1959-இல் கியூபெக்கின் வால்கோர்ட்டில் ஜோசஃப்-அர்மான் பொம்பார்டியே ஸ்கீ-டூவாக விற்கத் தொடங்கியதும் இன்று ராக்கி மலையின் முகடுகளில் இரைந்துகொண்டிருக்கின்றன. வாழ்த்துகள்.

அடுத்து, வழக்கின் மையம். புதிய வண்டிகள் மனுதாரரைவிட நன்றாக ஓடுகின்றன. இதை மறுக்க மனுதாரருக்கு வழக்கறிஞர் கிடைக்கவில்லை.

மனுதாரர் வடிவமைக்கப்பட்ட காலத்தில் ஓட்டுநர் என்பவர் உட்கார்ந்திருப்பவர். இருக்கை பின்னால், கால்கள் முன்னால், ஹேண்டில்பார் மடிமேல், முன்னால் சறுக்கும் இரண்டு ஸ்கீக்களுக்கும் இடையே ஒரு மீட்டருக்கு மேல் அகலம். தட்டையான பாதையில் இது சுகம். சரிவைக் குறுக்காகக் கடக்கும்போதுதான் சிக்கல். வண்டியை மலைப் பக்கமாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அகலமான ஸ்கீக்களோ அதைக் கிடையாகவே நிறுத்தப் பார்க்கும். கிடையாக நின்ற வண்டி பள்ளத்தை நோக்கி வழுக்கும். மனுதாரரைச் சரிவில் ஓட்டுவது முரட்டுக் காளையை மூக்கணாங்கயிறு இல்லாமல் வரப்பில் நடத்துவதற்குச் சமம். மாலையில் ஓட்டுநரின் தோள்பட்டையைப் பார்த்தாலே அவர் எந்த ஆண்டு மாடல் வைத்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

2003 மாடலாக வந்த ஸ்கீ-டூவின் ரெவ் இதைத் தலைகீழாக்கியது. கனடாவின் பந்தய வீரர் பிளேர் மார்கன் அதன் முன்மாதிரியைப் பந்தயத் தடத்தில் நின்றபடியே ஓட்டிக் காட்டினார். ஓட்டுநர் ஏறக்குறைய ஓர் அடி முன்னுக்கு நகர்ந்தார், எழுந்து நின்றார்; வண்டியின் எடைமையத்துக்கு மேலேயே அவர் உடல் வந்தது. பிறகு எல்லாரும் எழுந்து நின்றார்கள். 2011-இல் போலாரிஸின் ப்ரோ-ஆர்எம்கே எடையைக் குறைத்தது. 2013-இல் ஸ்கீ-டூ சம்மிட், பின் சஸ்பென்ஷனுக்குப் பக்கவாட்டில் சற்றே சாயும் உரிமையும், ட்ராக்கின் ஓரங்களுக்கு மடங்கும் உரிமையும் வழங்கியது. தீஃப் ரிவர் ஃபால்ஸின் ஆர்க்டிக் கேட் 2019-இல் ஆல்ஃபா ஒன் வண்டியில் பின்னால் இருந்த இரண்டு தண்டவாளங்களை ஒன்றாக்கியது. ஸ்கீக்களின் இடைவெளியும் 36 அங்குலத்தை ஒட்டிச் சுருங்கிவிட்டது. இன்று ஒரு காலைப் படியில் ஊன்றி, ஹேண்டில்பாரைப் பள்ளத்தின் பக்கம் லேசாகத் திருப்பினால் போதும். வண்டி மலைப் பக்கம் சாய்ந்து அப்படியே நிற்கிறது. மரங்களுக்கு நடுவே புகுந்து வெளிவர ஒரு தலைமுறை பல குளிர்காலங்கள் செலவழித்துக் கற்றதை, புதிதாக வந்த இளைஞர் ஒரு வாரக் கடைசியில் செய்துவிடுகிறார்.

ஆனால், எடை என்ற சொல் வந்ததால் ஒரு குறுக்குக் கேள்வி. தாங்கள் அச்சிடுவது “உலர் எடை”. மேற்படி ப்ரோ-ஆர்எம்கேயின் உலர் எடை 431 பவுண்டு, சுமார் 195 கிலோ என்று 2011-இல் ஊரெங்கும் பேச்சு. உலர் எடை என்றால் பெட்ரோல் இல்லை, எண்ணெய் இல்லை, குளிர்விப்பு நீர் இல்லை. அந்த எடையில் இந்த வண்டியை இதுவரை எவரும் ஓட்டியதில்லை; இனியும் ஓட்டப்போவதில்லை. டேங்க் நிறைய, நாற்பது லிட்டருக்கு மேல் பெட்ரோல் ஊற்றினால் அதுவே முப்பது கிலோ. பனிக்குழியில் புதைந்த வண்டியைத் தோண்டி எடுக்கிற மனிதர் தூக்குவது ஈரமான எடையைத்தான்.

ட்ராக் விவகாரமும் இப்படியே. 136 அங்குலம் 146 ஆனது, 154 ஆனது, 165 ஆனது. இப்போது 175-உம் கிடைக்கிறது. ட்ராக்கில் இருக்கும் ரப்பர் துடுப்புகள் இரண்டு அங்குலத்திலிருந்து மூன்றுக்கு வளர்ந்துவிட்டன. புதுப் பனியில் இவை மிதக்கவைக்கும், ஏற்றும். கெட்டிப்பட்ட பாதையில் கதை வேறு. வண்டியின் அடியில் இருக்கும் குளிர்விப்பான்களுக்கு ட்ராக் வாரியிறைக்கும் பனிதான் தண்ணீர். இறுகிய பாதையில் பனி எழும்பாது, எஞ்சின் சூடேறும், ஓட்டுநர் ஓரத்தில் ஒதுங்கி மென்மையான பனியைத் தேடுவார். கையேட்டின் படங்களில் மட்டும் எல்லா நாளும் இடுப்பளவு புதுப் பனி. வாகன நிறுத்தத்திலிருந்து அந்தப் பனிவரைக்கும் வண்டி எப்படிப் போனது என்பதற்குப் படம் இல்லை.

இனி நம்பகம். இங்கே மனுதாரர் தம் வயதுக்காரர்களின் புகழ்பாடிகளையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. “அந்தக் காலத்து வண்டி இரும்பப்பா” என்று மதுக்கடையில் மேசையைத் தட்டுகிறவர்கள், தாங்கள் அந்தக் காலத்தில் எதையெல்லாம் முதுகில் சுமந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை: உபரி பிளக், உபரி பெல்ட், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டுகள் நிறைந்த டப்பா, ஸ்க்ரூடிரைவர், இழுகயிறு, அந்தக் கயிற்றின் மறுமுனைக்கு ஒரு நண்பர்.

கார்புரேட்டருக்கு மூளை கிடையாது. கீழே ஊரில் பொருத்திய ஜெட்டோடு கணவாய்க்கு ஏறினால் காற்று மெலியும், பெட்ரோல் மிஞ்சும், பிளக் நனைந்து கருகும். குளிர் திடீரென்று கூடினால் காற்று கெட்டிப்படும், பெட்ரோல் போதாமல் போகும், பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் மூடிக்கு அடியில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும்: இந்த உயரம், இந்த வெப்பநிலை, இந்த எண் ஜெட். விரல் விறைக்கும் குளிரில் கையுறையைக் கழற்றி அந்தச் சிறு பித்தளைத் திருகை மாற்ற வேண்டும். மாற்றச் சோம்பல்பட்டதன் விலையாக மனுதாரரின் வயிற்றில் இருமுறை பிஸ்டன் மாற்றப்பட்டுள்ளது.

புதியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஸ்கீ-டூவின் ஈ-டெக் 2009 முதல் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் அளந்து பீய்ச்சுகிறது. உயரத்தையும் குளிரையும் அதுவே கணக்கிட்டுக்கொள்கிறது. 2018-இல் எஞ்சினைக் கிளப்பக் கயிற்றைத் தொடர்ந்து இழுக்கும் வேலையும் குறைந்தது. முதல்முறை கையால் கிளப்பினால் போதும், பிறகு ஒரு மின்தேக்கி சக்தியைச் சேமித்து வைத்துப் பொத்தானுக்குப் பதில் சொல்லும். மலை உயரம் எஞ்சினிடம் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் மூன்று சதவீத சக்தியை வரியாகப் பிடிக்கிறது. இதை ஈடுகட்ட 2020 மாடலில் தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்திய டூ-ஸ்ட்ரோக் வந்தது. 8,000 அடிவரை 165 குதிரைத்திறன் குறையாது என்றார்கள். குக் சிட்டி அதற்குள்தான் இருக்கிறது. வரி ஏய்ப்பு என்று மனுதாரர் முணுமுணுத்ததைப் பொறாமையாகவே பதிவு செய்துகொள்ளலாம்.

புகையிலும் புதியவர்களே மேல். 2000-களின் தொடக்கத்தில் எல்லோஸ்டோனின் மேற்கு வாயிலில் டிக்கெட் கிழித்த வனக்காவலர்கள் முகமூடி மாட்டி நின்றார்கள். அவர்களின் கூண்டுக்குள் குழாய் வழியே நல்ல காற்று செலுத்தப்பட்டது. அதற்குக் காரணமானவர்கள் மனுதாரரின் சகோதரர்கள். அவர்களில் எவருக்கும் இன்று பூங்காவுக்குள் அனுமதி இல்லை.

அப்படியானால் மனு எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். பழுது குறைந்திருக்கிறது, பழுதின் குணமும் மாறியிருக்கிறது. அதைத்தான் கையேடு சொல்லவில்லை. மனுதாரர் அடிக்கடி நிற்பார். ஆனால் ஏன் நின்றார் என்பது முகர்ந்தாலே தெரியும், ஒரு பிளக்கும் கொஞ்சம் வசவும் போதும். புதியவர் அபூர்வமாகத்தான் நிற்பார். நின்றால் திரையில் ஓர் எண்ணைக் காட்டிவிட்டு மௌனமாகிவிடுவார். அந்த எண்ணின் அர்த்தம் டீலரின் லேப்டாப்பில் இருக்கிறது. டீலரோ மலைக்கும் பூங்காவுக்கும் அப்பால். பக்கத்து வீட்டு டர்போ போன பருவத்தில் ஓர் உணரியின் மனக்கசப்பால் கணவாயில் நின்றுவிட்டபோது, அதை ஊர்வரை இழுத்து வந்தவர் மனுதாரர்தான். வழியெல்லாம் டர்போவின் திரை மட்டும் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது.

இன்னொன்று, விற்கும் முறை. வசந்தத்தில் முன்பணம் கட்டினால் அடுத்த குளிர்காலத்துக்கு வண்டி. வாங்குகிறவர் அதை ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார். புதிய எஞ்சின் என்றால் வேறெந்த வாடிக்கையாளரும் ஓட்டியிருக்க மாட்டார். முதல் ஆண்டு வாடிக்கையாளர்கள் இவ்வாறு தங்கள் ஆராய்ச்சிப் பிரிவில் பணியமர்த்தப்படுகிறார்கள். சம்பளத்தை மட்டும் அவர்களே கட்டுகிறார்கள். போலாரிஸின் 900 சிசி இரட்டை சிலிண்டர் 2005 மாடலில் ஆரவாரமாக வந்து, ஓரிரு பருவங்களில் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டது. 2022-இன் இறுதியில், பருவம் தொடங்கிய வேளையில், அதே நிறுவனம் பல மாடல்களுக்கு “ஓட்டாதீர்கள்” என்று அறிவித்தது: டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது நிலைமின்சாரப் பொறி ஆவியைப் பற்றவைக்கக்கூடும் என்பது காரணம். வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி; மனுதாரரின் இளமையில் இத்தகைய செய்திகள் புகை வந்த பிறகே தெரியவந்தன.

இந்தப் பத்தியில் மனுதாரர் நகைக்கவில்லை. வண்டி நன்றாக ஏறுவதால் அது மனிதரைக் கொண்டுபோய் நிறுத்தும் இடமும் மாறிவிட்டது. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை சாய்வில் கிளம்புகின்றன. கையேட்டின் நடுப்பக்கப் படமும் அந்தச் சாய்வில்தான் எடுக்கப்படுகிறது. 2008 டிசம்பர் 28-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி அருகே ஸ்னோமொபைல் ஓட்டிகளின் ஒரு குழு பனிச்சரிவில் புதைந்தது. தோண்ட வந்த நண்பர்களையும் அடுத்த பனிச்சரிவு மூடியது. ஸ்பார்வுட் என்ற சிற்றூரின் எட்டுப் பேர் இறந்தார்கள். 2010 மார்ச் 13-இல் ரெவல்ஸ்டோக் அருகே போல்டர் மலையில், பனிச்சரிவு எச்சரிக்கை அமலில் இருந்தபோதே, யார் வண்டி உயரம் ஏறும் என்று பார்க்க ஏறத்தாழ இருநூறு பேர் கூடினார்கள். இருவர் இறந்தனர், சுமார் முப்பது பேர் காயமடைந்தனர். மனுதாரர் போன்றவர்கள் பாதி மலையில் புதைந்து நின்றது திறமைக் குறைவுதான். அந்தக் குறைவு பல ஓட்டுநர்களை அந்தச் சரிவுகளுக்குக் கீழேயே நிறுத்தி வைத்தது. இன்று அந்த எல்லையை வண்டி வகுப்பதில்லை, ஓட்டுகிறவர் வகுக்க வேண்டியிருக்கிறது. பனிச்சரிவுப் பயிற்சிகளுக்குத் தங்களில் சிலர் ஆதரவு தருவது உண்மை. அது கையேட்டில் எந்த அளவு எழுத்தில் அச்சாகிறது என்பதும் உண்மை.

கடைசியாக, நிறுவனங்களின் நம்பகம். 1968 முதல் ஸ்னோமொபைல் செய்துவந்த யமஹா, 2025 மாடலோடு இந்தத் தொழிலை விடுவதாக 2023-இல் அறிவித்தது. ஆர்க்டிக் கேட்டை 2017-இல் வாங்கிய டெக்ஸ்ட்ரான் 2025-இல் கைமாற்றியது. வண்டி இருபது ஆண்டு உழைக்கும் என்று சொல்லும்போது, உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதையும் சொல்வது முறை. கார்புரேட்டருக்கு ஜெட் எங்கேயும் கிடைக்கும். நிறுவனம் கைவிட்ட மின்னணுப் பெட்டிக்கு மாற்று எங்கே கிடைக்கும்?

ஆகவே மனுதாரர் பணிவுடன் கோருவது:

1. வண்டியின் எடையைப் பெட்ரோல், எண்ணெய், குளிர்விப்பு நீர் நிரப்பிய பிறகு நிறுத்து அச்சிட வேண்டும்.

2. சென்ற ஆண்டு மாடலில் எது உடைந்தது, எப்படிச் சரிசெய்யப்பட்டது என்று ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். “முன்னெப்போதும் இல்லாத” என்ற சொல்லை அந்தப் பக்கத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

3. முன்பு ஜெட் அட்டவணை ஒட்டியிருந்த அதே இடத்தில், திரையில் தோன்றும் பழுது எண்களின் பொருளைக் கெட்டியான தாளில் அச்சிட்டு ஒட்ட வேண்டும்.

4. பனிச்சரிவு சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், மண்வாரி, இரண்டு நாள் பயிற்சி ஆகியவற்றை வண்டியின் விலையிலேயே சேர்க்க வேண்டும். வண்ண ஸ்டிக்கர்களுக்கு வேண்டுமானால் தனிக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம்.

5. மின்னணுப் பெட்டி உள்ளிட்ட உதிரிபாகங்கள் எந்த ஆண்டுவரை கிடைக்கும் என்பதைக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

மேற்படி கோரிக்கைகளைப் பரிசீலித்து அடுத்த கையேடு அச்சேறும் முன் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறார்.

இப்படிக்கு,
மனுதாரர்
(கையொப்பத்துக்குப் பதில் எண்ணெய்க் கறை)

இணைப்புகள்: கருகிய பிளக் இரண்டு; துளை விழுந்த பிஸ்டன் ஒன்று; ஜெட் அட்டவணையின் நகல், வாசிக்க முடிந்த பகுதி மட்டும். இழுகயிறு சான்றாகக் கேட்கப்பட்டால் ஏப்ரலுக்குப் பிறகே அனுப்ப இயலும். அதுவரை அது பக்கத்து வீட்டு டர்போவுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது.