முதல் கிட்டாரை நினைத்து உருகுவது எப்படி?

உங்கள் முதல் உருப்படியான எலெக்ட்ரிக் கிட்டார் இன்னும் வீட்டில்தான் இருக்கிறதா? அப்படியானால் இந்தப் பயிற்சி உங்களுக்கு இல்லை. பரணில் கிடக்கும் பொருளை நினைத்து யாரும் உருகியதில்லை.

1. முதலில் விற்றுத் தொலையுங்கள். பின்னால் வயிறெரியும் விலைக்கு விற்க வேண்டும். மூன்று ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்களின் பாகங்களைச் சேர்த்து எரிக் கிளாப்டன் உருவாக்கிய ‘பிளாக்கி’, 2004 ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். அவ்வளவு பணம் வந்தால் ஏக்கம் வராது. நான் 4,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். கேபிள், ஸ்ட்ராப், உறை எல்லாம் இலவசம். விற்ற காரணமும் அற்பமாக இருக்கட்டும். என்னுடையது கிரைண்டர்.

2. குறைகளைக் குணங்களாக மாற்றுங்கள். சிங்கிள் காயில் பிக்கப் என்றால் ட்யூப்லைட் போட்டதும் இரையும். இரண்டு காயில்களை எதிரெதிராக வேலை செய்யவிட்டு அந்த இரைச்சலை அடக்கும் பிக்கப்பை கிப்சன் கம்பெனியின் செத் லவர் 1955-லேயே வடிவமைத்துவிட்டார். அதை மறந்துவிடுங்கள். உங்களுடையதில் இருந்தது இரைச்சல் அல்ல, ‘உயிர்’. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதன் உறுமல் ஜி சுரத்துக்கு மயிரிழை மேலே நிற்கும். ஜி மேஜர் பாட்டுக்குத் தம்பூராவே வேண்டாம் என்று அடித்துச் சொல்லுங்கள்.

கழுத்து வளைந்திருந்ததா? ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து 40 கிலோ எடைக்கு இழுத்தால் வளையத்தான் செய்யும். உள்ளே ஓடும் ட்ரஸ் ராடை ஆலன் கீ போட்டுக் கால் சுற்று திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நான் திருப்பவில்லை. நீங்களும் திருப்பியிருக்கமாட்டீர்கள். ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே பென்சில் நுழையும். “அதில் பழகிய விரல், சார் இது!” என்று கையை நீட்டுங்கள்.

3. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் வாங்கிய வருஷத்தை இரண்டு வருஷம் பின்னுக்குத் தள்ளுங்கள். என்னுடையது 1992. இப்போது எமர்ஜென்சியைத் தாண்டிவிட்டது.

4. அப்பாவை வில்லனாக்குங்கள். “வயலின் கத்துக்கோடா” என்று அவர் சொன்னதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். லோன் போட்டதை வெட்டிவிடுங்கள். ஜாக் கழன்றபோது, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்கு அவரே சால்டரிங் வைத்ததை அவசியம் வெட்டிவிடுங்கள். இது வந்தால் கதை வேறு பக்கம் போய்விடும்.

5. பெரியவர்கள் பக்கத்தில் போய் நில்லுங்கள். அயர்லாந்தின் கார்க் நகரத்தில் ரோரி கலகர் 1963-ல் 100 பவுண்டுக்குத் தவணையில் வாங்கிய ஸ்ட்ராட்டோகாஸ்டரை 1995-ல் சாகும்வரை வாசித்தார். வியர்வையில் பெயிண்டே உரிந்துபோனது. உங்களுடையதும் உரிந்திருந்தது அல்லவா? ஜன்னலோரம் சாரலில் நனைந்த கதை யாருக்கும் வேண்டாம்.

1949-ல் ஆர்கன்சாவில் நடன அரங்கு தீப்பற்றியபோது, பி.பி. கிங் விட்டுவந்த கிட்டாருக்காக மறுபடி உள்ளே ஓடினார். கோயில் திருவிழா மேடையில் மழை பிடித்துக்கொண்டபோது நீங்களும் ஓடினீர்கள். கிட்டாரைத் தூக்கி வந்தது மைக்செட் பையன். ஆளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

6. தேடிக் கண்டுபிடியுங்கள். ஊரெல்லாம் அலைந்த பிறகு, அது இரண்டு தெரு தள்ளி இருப்பது தெரியவரும். வாங்கியவரின் மகள் வாசிக்கிறாள். ட்ரஸ் ராடைத் திருப்பிவிட்டாள். பிக்கப் குழிக்குள் செம்புத் தகடு ஒட்டிவிட்டாள். இரைச்சல் பாதிகூட இல்லை. “அங்கிள், வேணும்னா எடுத்துக்கோங்க” என்பாள். வாங்கிவிடாதீர்கள்! முப்பது வருஷ உழைப்பு வீணாகிவிடும். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது அது இல்லைம்மா” என்று சொல்லிவிட்டு இறங்கி வாருங்கள்.

7. நேராகச் சமையலறைக்குப் போய் கிரைண்டரைப் போடுங்கள். அரிசி வேண்டாம். காதை மோட்டார் பக்கம் வையுங்கள். ஜி-க்கு மயிரிழை மேலே. “வெறும் கல்லை எதுக்கு ஓட்டறீங்க?” என்று மனைவி கேட்டால், பதில் சொல்லாமல் ஒரு விரலை உயர்த்துங்கள். பாட்டு முடியட்டும்.