சறுக்கில் ஒரு சிலபஸ்

கோடை விடுமுறையில் வாட்டர் தீம் பார்க் போகும் பிள்ளைகள் பாவம், இப்போதெல்லாம் பாடத்தோடுதான் நனைய வேண்டியிருக்கிறது. 20 மீட்டர் உயரச் சறுக்கின் உச்சியில் நின்று அப்பா விளக்குகிறார்: உராய்வே இல்லையென்றால் அடியில் மணிக்குச் சுமார் 72 கிலோமீட்டர் வேகம், தாத்தா சறுக்கினாலும் பேரன் சறுக்கினாலும் அதேதான், எடை கணக்கில் வராது. பின்னால் வரிசை முறைக்கிறது.

குளத்தில் அம்மா மூக்கைச் சுளித்து, "குளோரின் நிறையப் போட்டுட்டாங்க போல" என்கிறார். ஏழாம் வகுப்பு திருத்துகிறது: "இல்லம்மா, குளோரின் நம்ம வியர்வையோட, மூத்திரத்தோட சேர்ந்தா வர்ற குளோரமின் வாசனை இது." வேதியியல் வகுப்பு அத்துடன் கலைந்தது, அம்மா கரையேறிவிட்டார்.

மிச்சம் கணக்கு. கொண்டுபோன புளியோதரை டப்பாவைக் காவலர்கள் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டதால், கேன்டீன் சமோசாவை நாலு பேருக்குப் பெருக்க வேண்டும். விலைப்பலகையைப் பார்த்த அப்பா சொன்னார்: "இது அவுட் ஆஃப் சிலபஸ்."