சண்டைக்குப் போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, என்னைக்காவது நீ படை நடத்துறதா இருந்தா, துப்பாக்கிய மெதுவா வாங்கிக்கலாம். போட்டோ பிடிக்கிறவன எங்க நிறுத்துறதுன்னு மொதல்ல யோசி.

வியட்நாம்ல அமெரிக்காக்காரன் அங்கதான் கோட்டை விட்டான். 1968 மார்ச் 16, மை லாய்னு ஒரு ஊரு. கிழவி, பொம்பளை, கைப்புள்ளைன்னு பாக்காமச் சுட்டானுவ. வியட்நாம்காரன் கணக்குல 504 பேரு. பட்டாளம் பேப்பருக்குக் குடுத்த கணக்கு வேற: எதிரிப்படை ஆளு 128 பேரு காலி, கைப்பத்துன துப்பாக்கி மூணு. அம்புட்டு வீரனும் மூணு துப்பாக்கிய முறை வச்சு வாங்கிச் சுட்டிருப்பானுவ போல! தளபதி வெஸ்ட்மோர்லண்ட் இதுக்குப் பாராட்டுச் செய்தியே அனுப்புனாரு.

ஒன்றரை வருசத்துக்கு மேல தர்மம் நல்லாத் தூங்குச்சு. 1969 நவம்பர்ல செய்மோர் ஹெர்ஷுங்கிற பத்திரிகைக்காரர் வந்து எழுப்பிவிட்டுட்டாரு. பட்டாளத்துப் போட்டோகிராபர் ஹேபர்லி, சர்க்கார் காமிராவுல எடுத்தத ஒப்படைச்சிட்டுச் சொந்தக் காமிராப் படத்தத் தன்கிட்டயே வச்சிருந்தாரு. அந்தப் படமும் வெளிய வந்துருச்சு. அதனால வீரனோட பைய ஒருதரம் தடவிப் பாத்துக்க.

படத்தப் பாத்தா சனம் உன்னச் சும்மா விடாதுன்னு பயந்துக்காத. மை லாய்ல செஞ்ச 22 கொலைக்கு ஆயுள் தண்டனை வாங்குன லெப்டினன்ட் காலிக்காக வெள்ளை மாளிகையில தந்தி வந்து குவிஞ்சுது. அவரப் புகழ்ந்த பாட்டு ரிக்கார்டு பத்து லச்சத்துக்கு மேல வித்துச்சு. அதிபர் நிக்சன் மனசு இளகி வீட்டுக்காவல்ல வச்சாரு. 1974-ல ஆளு வெளிய. சனத்துக்குத் தர்மம் வேணும்தான், ஆனா அது நம்மாளக் கடிக்கக் கூடாதுல்லா!

பின்னால வந்தவுக இன்னும் கெட்டி. டோவர் விமான தளத்துல வந்திறங்குற பட்டாளத்துச் சவப்பெட்டியப் படமெடுக்கக் கூடாதுன்னு 1991-லயே உத்தரவு போட்டாக. 2009 வரைக்கும் அது நின்னுச்சு.

ஒரு மாதிரி ஆளு மட்டும் உன் படையில சேந்துராமப் பாத்துக்க. மை லாய்ல ஹியூ தாம்சன்னு ஒருத்தர், ஹெலிகாப்டரச் சனத்துக்கும் பட்டாளத்துக்கும் நடுவுல இறக்குனாரு. நம்மாளு இந்தச் சனத்தச் சுட்டா, நீங்க நம்மாளச் சுடுங்கன்னு கூட வந்தவுகள்ட்டச் சொல்லிட்டு எறங்கிப் போனாரு. ஊருக்குத் திரும்புனவருக்குக் கொலை மிரட்டல் வந்துச்சு. தண்டிக்கிறதுன்னா இவரத்தான் தண்டிக்கணும்னு மெண்டல் ரிவர்ஸ்ங்கிற காங்கிரஸ் உறுப்பினர் நின்னாரு.

சர்க்கார் தாம்சனுக்குப் பதக்கம் குடுத்தது 1998-ல, முப்பது வருசம் கழிச்சு.