கல்வெட்டுக்குப் பின்னால் ஓர் ஆஸ்பத்திரி

பெறுநர்: பொதுப்பணித் துறை (கட்டடம்), மாதிரி வரைபடங்கள் உறங்கும் அலமாரி வழியாக.

பொருள்: தருமபுரி மாவட்டம் – ஆரம்ப, துணை சுகாதார நிலையங்கள் – கட்டடத்துக்குள் நோயாளிக்கும் இடம் ஒதுக்குதல் – தொடர்பாக.

பார்வை: புளியமரத்தடியில் காத்திருப்போரின் வாய்மொழி, நாளிடப்படாதது.

ஆரம்ப சுகாதார நிலையம் என்பது, திறப்பு விழாக் கல்வெட்டு வெட்டவெளியில் தனியாக நிற்கும் அவலத்தைத் தவிர்க்க அதன் பின்னால் எழுப்பப்படும் காங்கிரீட் கட்டடம். 1946இல் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டி இப்படியொரு நிலையத்தைப் பரிந்துரைத்தபோது கல்வெட்டைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. கிராமத்தான் நகரத்து மருத்துவரைத் தேடி ஓடுவதை நிறுத்தி, மருத்துவத்தைக் கிராமத்தருகே கொண்டுபோய் வைப்பதுதான் அதன் எண்ணம். கல்வெட்டை மறந்த அந்தக் குறையைப் பின்வந்த காலம் சரிசெய்தது. பென்னாகரம், அரூர், பாலக்கோடு வட்டாரங்களில் கிடைக்கும் கறுப்புக் கிரானைட் உயர்ந்த ரகம். கம்பி, சிமெண்டு, தரை ஓடு, அலுமினிய ஜன்னல் எல்லாம் வெளியூரிலிருந்து வந்து இறங்கும் கட்டடத்தில், உள்ளூர்ப் பொருளுக்கு உரிய மரியாதை கல்வெட்டில் மட்டுமாவது கிடைத்துவிடுகிறது.

கல்வெட்டுக்குப் பின்னால் வருவது மாதிரி வரைபடம். கடலோர உப்புக்காற்றுக்கும், தருமபுரியின் சித்திரை வெயிலுக்கும், மலைமேல் குளிருக்கும் ஒரே வரைபடம் பொருந்தும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் துறையின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களுக்குத் தனித்தனியாக வரைபடம் போட்டு, மதிப்பீடு தயாரித்து, தொழில்நுட்ப அனுமதி வாங்கி, ஒப்பந்தப்புள்ளி கோரிக்கொண்டிருந்தால் நிதியாண்டு முடிந்துவிடும், ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும். மாதிரி வரைபடம் இருந்ததால்தான் பல ஊர்களுக்குக் கட்டடமே கிடைத்தது. பிரச்சினை வரைபடம் ஒன்றாக இருப்பதில் இல்லை. அது எந்த ஆளை மனதில் வைத்துப் போடப்பட்டது என்பதில் இருக்கிறது. வரைபடத்தின்படி பார்த்தால் அந்த ஆள் சமதளத்தில் வாழ்கிறார், தனியாக வருகிறார், நடந்து வருகிறார், காலை ஒன்பது மணிக்கு வந்து பகல் ஒரு மணிக்குள் குணமாகிப் போய்விடுகிறார். மாவட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தால் அவர் பெரும்பாலும் ஆய்வுக்கு வந்த அதிகாரியாக இருப்பார்.

எத்தனை பேருக்கு ஒரு நிலையம் என்பதற்கு விதி உண்டு. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று. துணை நிலையத்துக்கு 5,000, மலையில் 3,000. தலையை எண்ணும் இந்தக் கணக்கு, தூரத்தை எண்ணுவதில்லை. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தலில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறின. வாக்கு மேலே போகக் கழுதை இருந்தது. நோயாளி கீழே வர டோலிதான், அதாவது மூங்கிலில் கட்டிய போர்வையும் தோள் கொடுக்கும் நாலு பேரும். மலைக்கிராமத்தில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் ஊரில் பாதி இறங்கி வருவதற்கு இதுதான் காரணம். வரைபடம் ஒருவரை எதிர்பார்க்கிறது. வந்து சேர்வது ஆறேழு பேர்.

வந்தவர்கள் முதலில் சந்திப்பது அடித்தள மேடையை. மழைநீர் உள்ளே புகாமலிருக்கக் கட்டடத்தை இரண்டடி தூக்குவது சரியான வழக்கம்தான். இரண்டடி ஏற்றத்துக்குச் சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தில் அமைய வேண்டும். அப்படியென்றால் 24 அடி நீளம். மதிற்சுவருக்கும் வாசலுக்கும் நடுவே அவ்வளவு இடம் விடப்படாத ஊர்களில் சாய்தளம் பத்தடியில் முடிந்துவிடுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்த பிறகு சாய்தளம் எல்லாக் கட்டடங்களிலும் தவறாமல் இடம்பெறுகிறது என்பதைப் பாராட்ட வேண்டும். சக்கர நாற்காலி அதில் ஏறாது. ஆனால் புகைப்படத்தில் நன்றாக விழும். மேலே போனால் இரும்புக் கிராதிக் கதவு, அதில் ஒரு பாதி எப்போதும் பூட்டு. திறந்திருக்கும் மறுபாதியில் டோலி நேராக நுழையும், ஆனால் நடைபாதை மூலையில் திரும்பாது. ஆகவே நோயாளி வாசலிலேயே இறக்கி வைக்கப்படுகிறார். கட்டடத்துக்கும் அவருக்கும் முதல் உறவு அந்தத் தரையில் தொடங்குகிறது.

அடுத்தது கூரை. கோடையில் வெயில் 38 டிகிரியைத் தொடும் மாவட்டத்தில், தட்டையான காங்கிரீட் கூரை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் திருப்பித் தருகிறது. பிரசவ அறைக்கும் வார்டுக்கும் அதுதான் தலைக்கு மேலே. பழைய தார்சு வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்துச் சூட்டைத் தடுத்தார்கள். இப்போதும் அது மதிப்பீட்டில் வருவதுண்டு. பணம் குறைந்தால் முதலில் வெட்டு விழுவதும் அதற்குத்தான். தரை ஓட்டின் பளபளப்பில் யாரும் கைவைப்பதில்லை, ஏனென்றால் திறப்பு விழாவுக்கு வருபவர் தரையில் நடப்பார், கூரைமேல் ஏறமாட்டார்.

ஜன்னல் பற்றி மருத்துவ உலகம் நிறையப் பேசியிருக்கிறது. பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளை அளந்து 2007இல் வெளியான ஆய்வு, உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட ஐம்பது வருடப் பழைய அறைகளில் காற்று மணிக்குச் சுமார் 40 முறை மாறியதையும், பிற்காலத்து அறைகளில் 17 முறைதான் மாறியதையும் கண்டது. காசநோய் காற்றில் பரவுவது என்பதால் இந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. ருவாண்டாவின் புட்டாரோ மருத்துவமனை 2011இல் திறக்கப்பட்டபோது இதே காரணத்துக்காக நோயாளிகள் காத்திருக்கும் நடைபாதையைக் கட்டடத்துக்கு வெளியே வைத்தார்கள். சுவர்களை உள்ளூர் எரிமலைக் கல்லால், உள்ளூர்க் கொத்தர்களை வைத்தே எழுப்பினார்கள். தருமபுரியில் அந்த அளவுக்குச் சிரமப்படத் தேவையில்லை. காத்திருப்போர் ஏற்கெனவே கட்டடத்துக்கு வெளியேதான் இருக்கிறார்கள். காற்றோட்டம் பிரமாதம்.

வெளியே என்பது பெரும்பாலும் புளியமரம். மாவட்டத்தின் சாலைகளுக்கு நிழல் கொடுத்து, புளியும் கொடுத்து, இடையில் பொதுச் சுகாதாரத்தின் காத்திருப்பு அறையாகவும் அது பணிபுரிகிறது. சம்பளமோ பராமரிப்புச் செலவோ கிடையாது. பிள்ளைத்தாய்ச்சியின் அம்மாவும் மாமியாரும் தூக்குப்போசியோடு அதன் கீழே உட்கார்ந்திருப்பார்கள். புருஷன்காரன் வேர்மேல் படுத்திருப்பான். பிரசவ வலி வந்து வந்து போகும் இரவில் அவர்களுக்கு வேண்டியவை அதிகமில்லை: முதுகு சாய்க்க ஒரு திண்ணை, தலைக்குமேல் ஒரு கூரை, களி கிண்ட ஒரு அடுப்பு, பெண்கள் இருட்டில் தேடிப் போகாமல் திறந்திருக்கும் ஒரு கழிப்பறை. இந்த நான்கில் எதையும் மருத்துவம் என்று வகைப்படுத்த முடியாது. அதனால் எந்தத் தலைப்பிலும் செலவெழுத முடியாது என்பது துறையின் சிக்கல். ஆனால் மலையிலிருந்து ஒரு பெண் பேறுகாலத்துக்கு முன்கூட்டியே இறங்கி வருவாளா மாட்டாளா என்பதை இந்த நான்கும்தான் தீர்மானிக்கின்றன. துணைக்கு வருபவருக்குத் தங்க இடமில்லை என்றால் அவளும் வரமாட்டாள். வலி எடுத்தபின் டோலியில்தான் வருவாள். மலைப்பகுதி நிலையங்கள் சிலவற்றில் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கும் அறைகளை அரசே ஏற்படுத்தியது இதை உணர்ந்துதான். அந்த யோசனை சுகாதாரத் துறையின் கோப்பிலிருந்து கட்டடத் துறையின் அலமாரிக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

கட்டடம் மட்டும் போதாது என்பதற்கும் இந்த மாவட்டத்தில் சாட்சி உண்டு. 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தன. எடைக்குறைவாகப் பிறந்தவை பல. 2008இல் தொடங்கிய கல்லூரியின் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டடத்துக்குக் குறைவில்லை. எடை குறைந்தது அதற்குப் பல மாதங்கள் முன்னால், பல மைல்கள் மேலே. இந்தப் பத்தியில் பகடிக்கு இடமில்லை.

எதிர் உதாரணம் அதே மாவட்டத்தில் இருப்பது துறைக்குச் சற்றுச் சங்கடம். சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடிகளும் வாழும் இந்தப் பகுதிக்கு 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் வந்தபோது, பக்கத்து ஆஸ்பத்திரி 48 கி.மீ. தள்ளி இருந்தது; அறுவை சிகிச்சைக்கு 100 கி.மீ.க்கு மேல். பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதைக் காணவில்லை. ஊர்க்காரர்கள் அவர்களுக்கு ஒரு குடிசை கட்டிக் கொடுத்தார்கள். ஒரு 100 வாட் பல்பு, ஒரு மரப்பெஞ்சு. சுமார் மூன்றாண்டுகள் அதுவே ஆஸ்பத்திரி, பிரசவமும் அதில்தான். எந்த விதிப்படியும் அந்தக் கட்டடத்துக்கு அனுமதி கிடைத்திருக்காது. அதன்பிறகு பத்துப் படுக்கை, பின்னர் 35 படுக்கை. உள்ளூர்ப் பெண்களுக்குச் செவிலியர் பயிற்சி, கிராமத்துக்கு ஒரு சுகாதாரத் தோழி, வயல், தையல் என்று வேலை விரிந்தது. சிசு மரண விகிதம் 20ஐ ஒட்டி இறங்கியது.

இதைக் குடிசையின் மகிமை என்று படிப்பது தவறு, சோம்பேறித்தனமும்கூட. நல்ல அறுவை அரங்கம் குடிசையைவிட ஆயிரம் மடங்கு மேல். சிட்லிங்கியில் வேறாக இருந்தது வரிசை. முதலில் ஆட்கள், பிறகு அவர்களுடைய தேவை, கடைசியில் சுவர். அரசு நிலையத்தில் முதலில் சுவர், பிறகு திறப்பு விழா, அதற்கும் பிறகு மருத்துவர் பணியிடம் நிரப்பப்படுகிறதா என்று பார்க்கும் வழக்கம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இதே பாடத்தை இமயமலையில் கற்றார். மருத்துவரான மனைவி எலிசபெத்தோடு பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்து ஆஸ்பத்திரி கட்டி நடத்தியபோது, இங்கிலாந்தில் படித்த கட்டடக்கலையைவிட அங்குள்ள மலைவாசி வீடுகள் குளிரையும் சரிவையும் நன்றாக அறிந்திருந்ததைக் கண்டார். பிற்காலத்தில் கேரளத்தில் அவர் பரப்பிய எலிப்பொறிச் சுவர், செங்கலைக் குத்துக்கட்டாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது; செங்கலில் நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும், சூடும் உள்ளே குறையும். தருமபுரியின் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான சுவர் அரிது. கொத்தர்களுக்குச் சில நாள் பழக்கினால் போதும்.

குடிநீர் பற்றி ஒரு வார்த்தை. நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்து பல்லிலும் எலும்பிலும் ஏறிய மாவட்டம் இது. அதற்காகவே ஜப்பானியக் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. சுகாதார நிலைய வளாகத்தில் குடிக்க ஒகேனக்கல் காவிரித் தண்ணீருக்கு ஒரு குழாயும், கை கழுவ ஆழ்குழாய் நீருக்கு வேறொரு குழாயும் தனித்தனியே அடையாளத்தோடு இருப்பது ஆடம்பரமாகாது.

கடைசியாகப் பராமரிப்பு. கட்டடம் பொதுப்பணித் துறையுடையது, மருத்துவர் சுகாதாரத் துறையுடையவர், தண்ணீர் ஊராட்சியுடையது, விளக்கு மின்வாரியத்துடையது. கழிப்பறை அடைத்துக்கொண்டால் அது யாருடையது என்று தெரிய வேண்டும். தெரியும்வரை பூட்டி வைப்பதே பாதுகாப்பு. சிட்லிங்கியில் கட்டடக்கலை படித்த ஒரு தம்பதி 2000களின் தொடக்கத்தில் ஆரம்பித்த துளிர் கல்வி மையத்தில், ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடத்தோடு கட்டுமானமும் மின்வேலையும் குழாய்வேலையும் சொல்லிக் கொடுக்கப்பட்டன. கசிகிற குழாயைச் சரிசெய்ய அங்கே கடிதப் போக்குவரத்து தேவைப்படாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் அரசு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் வேலைக்கு அலைகிறார்கள். நிலையத்துக்கு ஒருவரை மாதச் சம்பளத்தில் வைத்தால் பூட்டுகள் குறையும்.

துறை இதற்காக மாதிரி வரைபடத்தைக் கிழித்துப்போட வேண்டியதில்லை. ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், தேர்ந்த இடத்தில் அந்த வரைபடத்தைச் சுண்ணாம்புத் தூளால் முழு அளவில் தரையில் போடலாம். ஒரு சந்தை நாள் பார்த்து, கிராம சுகாதாரச் செவிலியரையும், பிள்ளை பெற்ற பெண்களையும், டோலி தூக்கிப் பழகியவர்களையும் அழைத்து அதற்குள் நடக்கச் சொல்லலாம். டோலி எந்த மூலையில் திரும்பவில்லை, மாமியார் எங்கே உட்காருவாள், பிற்பகல் வெயில் எந்த அறைக்குள் விழும் என்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். கோடு தவறென்றால் காலால் அழித்து வேறு கோடு போடலாம். செலவு, சுண்ணாம்பு இரண்டு மூட்டை. அதை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்பதற்கு மட்டும் துறை ஓர் அரசாணை பெற வேண்டியிருக்கும்.